ஷாப்பரல் 2ஜே: தடை வீழ்த்தியதா, தானே வீழ்ந்ததா?

வளைவாளன் (இழையைத் தொடங்கியவர்):

அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த கேன்-ஆம் கார்ப் பந்தயத் தொடரில் 1970ஆம் ஆண்டு ஓடிய ஷாப்பரல் 2ஜே காரைப் பற்றிப் பேச்செடுத்தாலே, “யாராலும் வெல்ல முடியாத கார், அதனால்தான் தடைசெய்தார்கள்” என்ற ஒரே வரியில் கதையை முடித்துவிடுகிறோம். நானும் நெடுங்காலம் அதையே சொல்லிவந்தவன்தான். அண்மையில் அதன் போட்டிகளை ஒவ்வொன்றாகத் தாளில் எழுதிப் பார்த்தபோதுதான் அந்த வரியின் முற்பாதி நிற்கவில்லை என்பது தெரிந்தது.

அவ்வாண்டுத் தொடரில் பத்துப் போட்டிகள் நடந்தன. 2ஜே வந்து சேர்ந்தவை நான்கு. அவற்றில் உண்மையில் புறப்பட்டவை மூன்று. இறுதிவரை ஓடியது ஒன்றே ஒன்று. ஜூலையில் வாட்கின்ஸ் கிளெனில் நடந்த அதன் முதல் போட்டியில், அப்போதைய ஃபார்முலா 1 உலகச் சாம்பியன் ஜாக்கி ஸ்டூவர்ட் அதை ஓட்டினார். மூன்றாம் இடத்திலிருந்து புறப்பட்டு, அந்தப் போட்டியின் மிக விரைவான சுற்றையும் பதிவுசெய்தார். ஆனால் பிரேக்குகள் கைவிட்டதால் பாதியில் விலகினார். அதற்கடுத்த மூன்று போட்டிகளுக்குக் கார் வரவே இல்லை. செப்டம்பரில் ரோட் அட்லாண்டாவுக்கு விக் எல்ஃபோர்டுடன் வந்து, போல் பொசிஷனை (தகுதிச் சுற்றில் மிக விரைவாக ஓடியவருக்குக் கிடைக்கும் முதல் புறப்பாட்டு இடத்தை) ஒரு நொடிக்கும் மேற்பட்ட இடைவெளியில் கைப்பற்றி, போட்டியில் ஆறாவதாக முடித்தது. அக்டோபரில் லகுனா செகாவில் மீண்டும் போல் பொசிஷன். ஆனால் போட்டி நாள் காலையில் நடந்த ஆயத்தச் சுற்றுகளிலேயே பிரதான இன்ஜின் உடைந்துபோனதால் புறப்படவே முடியவில்லை. நவம்பரில் ரிவர்சைடில், மெக்லாரன் அணியின் டென்னி ஹல்ம் ஓட்டிய காரைவிட ஏறத்தாழ 2.2 நொடி விரைவாக ஓடி மூன்றாம் முறையாகப் போல் பொசிஷன். போட்டியின் இரண்டாம் சுற்றிலேயே விசிறிகளை இயக்கிய சின்ன இன்ஜின் நின்றுபோனது. அத்தோடு அந்தக் காரின் பந்தய வாழ்வு முடிந்தது.

தடை வந்தது அதற்குப் பிறகுதான். என் கேள்வி இதுதான்: தடையே வராமல் இருந்திருந்தாலும் இந்தக் கார் தொடரை வென்றிருக்குமா? வென்றிருக்காது என்பது என் எண்ணம். மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.


புதுக்கண்:

ஐயா, தெரியாமல் கேட்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். விசிறிகளை இயக்க ஒரு தனி இன்ஜினா? காரைக் குளிர்விக்கவா அந்த விசிறிகள்? படத்தில் பார்த்தால் வெள்ளை நிறப் பெட்டி ஒன்றின் பின்புறத்தில் இரண்டு பெரிய வட்டங்கள் தெரிகின்றன; பந்தயக் கார் என்றே சொல்லத் தோன்றவில்லை.


காற்றழுத்தம்:

புதுக்கண் அவர்களின் கேள்வியிலிருந்து தொடங்குவதே நல்லது; இது விளங்கினால்தான் மேலே எழுந்த விவாதமும் விளங்கும்.

அந்த விசிறிகள் குளிர்விப்பதற்காக வைக்கப்பட்டவை அல்ல. காரின் அடியிலுள்ள காற்றை உறிஞ்சிப் பின்புறமாக வெளியே தள்ளுவதே அவற்றின் வேலை. காரின் அடிப்பாகத்தை ஒரு தட்டையான, கீழ்ப்பக்கம் திறந்த பெட்டியாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெட்டியின் விளிம்புகளை ஸ்கர்ட் எனப்படும் தடுப்புகள் தரைக்கு மிக அருகில் வரை மூடியிருந்தன. அவை லெக்சான் என்ற உறுதியான பிளாஸ்டிக்கால் ஆனவை. கார் குலுங்கினாலும் சாய்ந்தாலும் அவை தரையிலிருந்து ஒரே உயரத்தில் நிற்கும்படி, சஸ்பென்ஷனோடு கம்பிவடங்களால் இணைக்கப்பட்டிருந்தன. உள்ளே காற்றழுத்தம் குறைந்தால், மேலிருக்கும் வளிமண்டலம் காரைத் தரையோடு சேர்த்து அழுத்தும். விசிறிகளை ஓட்டியது ஸ்னோமொபைல் எனப்படும் பனிவண்டிகளில் வரும் வகையைச் சேர்ந்த ஒரு டூ-ஸ்ட்ரோக் இன்ஜின்.

இதற்குப் பெரிய வெற்றிடமெல்லாம் தேவையில்லை. விளக்கத்துக்காக நானே எடுத்துக்கொள்ளும் எண்களைக்கொண்டு கணக்கிட்டுக் காட்டுகிறேன். அடிப்பரப்பு 3 சதுர மீட்டர் என்றும், உள்ளழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைவிட வெறும் 3 விழுக்காடு குறைவு என்றும் கொண்டால், கிடைக்கும் அழுத்து விசை ஏறத்தாழ 900 கிலோ எடைக்குச் சமம். 2ஜேயின் சொந்த எடையும் அதே அளவில்தான் இருந்தது. அதாவது, டயர்கள் இரண்டு கார்களின் எடையைத் தாங்கித் தரையைப் பற்றுகின்றன. ஆனால் வளைவில் திருப்பவேண்டியது ஒரு காரின் எடையை மட்டுமே.

ஓடும்போது வரும் காற்றைக்கொண்டு காரைக் கீழே அழுத்தும் இறக்கைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு முக்கியமானது. இறக்கை தரும் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் 400 கிலோ தரும் இறக்கை, 100 கிலோமீட்டர் வேகத்தில் 100 கிலோ மட்டுமே தரும். விசிறிக்குக் காரின் வேகத்தைப் பற்றிய கவலை கிடையாது. கார் நின்றுகொண்டிருந்தாலும் அது அழுத்தும். விசிறி இன்ஜினை முடுக்கியவுடன் நிற்கும் கார் ஸ்பிரிங்குகளின் மேல் பதிந்து இறங்குவதைக் கண்ணால் காணலாம் என்பார்கள். எனவே இறக்கை செயலிழக்கும் மெதுவான வளைவுகளில்தான் இந்தக் காரின் உண்மையான ஆதாயம் இருந்தது.


புதுக்கண்:

மிக்க நன்றி ஐயா. ஆனால் ஒன்று இடிக்கிறது. பிடிப்பு இரு மடங்கு என்றால் சுற்று நேரத்தில் பத்துப் பதினைந்து நொடிகள் குறையவேண்டாமா? இரண்டு நொடிதானே குறைந்திருக்கிறது?


காற்றழுத்தம்:

நல்ல கேள்வி. வளைவில் போகக்கூடிய வேகம் பிடிப்பின் வர்க்கமூலத்தோடு உயரும். ஆகவே பிடிப்பு இரு மடங்கானால் வேகம் அதிகபட்சம் 40 விழுக்காடு கூடும். டயர்மேல் சுமை இரு மடங்கானாலும் அது தரும் பிடிப்பு முழுமையாக இரு மடங்காகாது என்பதால், அந்த 40 இன்னும் இறங்கும். மேலும், வேகமான வளைவுகளில் மெக்லாரனின் இறக்கையும் நன்றாகவே வேலை செய்தது. ஒரு சுற்றின் பெரும்பகுதி நேரம் நேர்ப்பாதைகளில்தான் கழிகிறது. அங்கே விசிறி எந்த உதவியும் செய்யாது, துணை இன்ஜினின் எடையையும் சுமந்துகொண்டே ஓடவேண்டும். இத்தனைக்குப் பிறகும் இரண்டு நொடி மிஞ்சியது என்பதைத்தான் நாம் வியக்கவேண்டும். பந்தயத்தின் கணக்கில் இரண்டு நொடி என்பது ஒரு யுகம்.


ஏழு லிட்டர்:

வளைவாளன் அவர்களே, நீங்கள் எழுதிய தகவல்களில் பிழை இல்லை. அவற்றிலிருந்து எடுத்த முடிவில்தான் பிழை இருக்கிறது. ஒரு காரின் முதல் ஆண்டை அதன் முழு ஆயுளாக வைத்து நீங்கள் தீர்ப்பெழுதுகிறீர்கள். அது அதன் முழு ஆயுளாகிப்போனதே தடையால்தான்.

ஷாப்பரல் கார்களை உருவாக்கிய ஜிம் ஹாலின் வரலாற்றையே எடுத்துப் பாருங்கள். டெக்சாஸ் மாநிலத்தின் மிட்லண்டில், பட்டறைக்குப் பக்கத்திலேயே தனக்கென ஒரு சோதனைப் பாதையை வைத்துக்கொண்டு, செவ்ரலேயின் ஆய்வுப் பிரிவினரோடு சேர்ந்து கார் கட்டியவர் அவர். கால்டெக்கில் பொறியியல் படித்தவர். 1963இல் ஃபார்முலா 1 போட்டிகளிலும் ஓட்டியவர். 1965இல் கொட்டும் மழையில் நடந்த செப்ரிங் 12 மணிநேரப் போட்டியில் அவரும் ஹாப் ஷார்ப்பும் வென்ற ஷாப்பரல் 2, அதற்கு ஈராண்டுகளுக்கு முன்பே பந்தயத்துக்கு வந்துவிட்ட கார். அதே வழியில் வந்த 2டி, 1966இல் நூர்பர்க்ரிங் 1000 கிலோமீட்டர் போட்டியை ஃபில் ஹில், யோ பொன்னியர் ஆகியோரின் கைகளில் வென்றது. 1967இல் பெரிய இறக்கையோடு ஐரோப்பாவுக்கு வந்த 2எஃப், ஆண்டு முழுவதும் கியர்பெட்டியால் தொல்லைப்பட்டு, கடைசியில் பிராண்ட்ஸ் ஹாட்ச் போட்டியை ஃபில் ஹில், மைக் ஸ்பென்ஸ் ஓட்ட வென்றது. ஹாலின் கார்கள் முதலில் தடுமாறும், பிறகு நிற்கும், அதன்பிறகு மற்றவர்கள் எல்லோரும் அதைப் பார்த்து எழுதுவார்கள். 2ஜேக்கு மட்டும் அந்த இரண்டாம் கட்டம் மறுக்கப்பட்டது.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1970இல் ஹாலின் அணி 2ஜேயை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அதே ஆண்டில் டிரான்ஸ்-ஆம் என்ற இன்னொரு பந்தயத் தொடரில் செவ்ரலே கமாரோ கார்களையும் அவர்களே ஓட்டினார்கள். அந்தத் தொடரின் வாட்கின்ஸ் கிளென் போட்டியை எல்ஃபோர்ட் அவர்களுக்காக வென்றும் கொடுத்தார். இரண்டு தொடர்களுக்கு நடுவே ஒரு சிறிய அணி எப்படித் திணறியிருக்கும் என்று எண்ணிப்பாருங்கள். ஸ்டூவர்ட் ஆண்டு முழுவதும் அந்தக் காரிலேயே இருந்திருந்தால் கதையே வேறு.


விதிநூல்:

சிறு குறிப்பு: ஸ்டூவர்ட் 2ஜேயை ஓட்டியது வாட்கின்ஸ் கிளெனில் மட்டுமே. மூன்று போல் பொசிஷன்களும் எல்ஃபோர்டுடையவை. 1968ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மான்டி கார்லோ ராலியை வென்று, அடுத்த வாரமே டேடோனா 24 மணிநேரப் போட்டியையும் வென்ற மனிதர் அவர். காரின் குறைகளுக்கு ஓட்டுநரைக் காரணமாகக் காட்ட இங்கே இடமில்லை.


ஏழு லிட்டர்:

ஏற்றுக்கொள்கிறேன். எல்ஃபோர்டைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமன்று. ஆயினும் என் வாதம் அப்படியே நிற்கிறது.


வளைவாளன்:

ஏழு லிட்டர் அவர்களுக்கு: நீங்கள் சொன்ன வரலாற்றை மதிக்கிறேன். ஆனால் ரோட் அட்லாண்டாவை நீங்கள் தாண்டிச் சென்றுவிட்டீர்கள். என் வாதத்தின் உயிர்நாடியே அங்கேதான் இருக்கிறது.

1970இன் பத்துப் போட்டிகளில் ஒன்பதை மெக்லாரன் எம்8டி கார்கள் வென்றன. ஜூன் மாதத் தொடக்கத்தில் குட்வுட்டில் அதே எம்8டியைச் சோதித்தபோது அணியை நிறுவிய புரூஸ் மெக்லாரன் உயிரிழந்திருந்தார். அதற்குச் சில வாரங்களுக்கு முன் இண்டியனாபொலிஸில் ஹல்மின் கைகள் தீயில் வெந்திருந்தன. அப்படியொரு நிலையிலும் அந்த அணி டான் கர்னியை அழைத்து வந்து முதல் இரண்டு போட்டிகளை வென்றது. கட்டுப்போட்ட கைகளோடு தொடரைத் தொடங்கிய ஹல்ம் ஆறு போட்டிகளை வென்றார். பீட்டர் கெதின் ஒன்றை வென்றார். மெக்லாரன் வெல்லாத ஒரே போட்டி ரோட் அட்லாண்டா. அன்றைக்கு 2ஜே போல் பொசிஷனில் நின்றது. போட்டி முடியும்வரை ஓடவும் செய்தது. இருந்தும் வென்றவர் யார்? டோனி டீன். ஓட்டியது மூன்று லிட்டர் போர்ஷே 908. ஏழு லிட்டரைத் தாண்டிய இன்ஜின்களின் நடுவே, பாதிக்கும் குறைந்த கொள்ளளவுள்ள ஒரு கார் கோப்பையை எடுத்துக்கொண்டு போயிற்று.

வலியவர்கள் எல்லோரும் விழுந்த அந்த ஒரு நாளில்கூட ஆறாம் இடம்தான் கிடைத்தது என்றால், அதை நான் “வெல்ல முடியாத கார்” என்று எப்படிச் சொல்வேன்?


காற்றழுத்தம்:

இரு தரப்பும் ஒரு விஷயத்தைக் கலந்துபேசுவதாகத் தோன்றுகிறது. வாட்கின்ஸ் கிளெனில் பிரேக், லகுனா செகாவில் பிரதான இன்ஜின், ரிவர்சைடில் துணை இன்ஜின். இந்த மூன்றும் ஒரே வகைக் கோளாறுகள் அல்ல.

லகுனா செகாவில் நடந்தது எந்த அணிக்கும் நடக்கக்கூடியது. 600 குதிரைத்திறனைத் தாண்டிய அந்த அலுமினிய செவ்ரலே வி8 இன்ஜின்கள் அன்றைய கேன்-ஆம் கார்களில் உடைந்துகொண்டேதான் இருந்தன. அதை விசிறிக்காரின் கணக்கில் எழுதுவது நியாயமன்று.

பிரேக் கோளாற்றை விசிறியோடு ஓரளவு தொடர்புபடுத்தலாம் என்பது என் கணிப்பு. பிடிப்பு அதிகம் உள்ள காரில் ஓட்டுநர் வளைவுக்கு மிக அருகில் வந்த பிறகே பிரேக்கை மிதிக்கிறார். வேகம் குறைவதும் மிகக் குறுகிய நேரத்தில் நடக்கிறது. அழிக்கவேண்டிய ஆற்றல் ஏறக்குறைய அதே அளவுதான் என்றாலும், அது டிஸ்க்குகளில் வெப்பமாக இறங்கும் நேரம் சுருங்கிவிடுகிறது. மற்ற கார்களின் பிடிப்பை மனத்தில் வைத்து வடிவமைத்த பிரேக்குகள் இதற்கு ஈடுகொடுக்கத் திணறியதில் வியப்பில்லை.

துணை இன்ஜின்தான் இந்த வடிவமைப்புக்கே உரிய பலவீனம். நான் பல ஆண்டுகள் தொழிற்சாலை விசிறிகளோடு மல்லுக்கட்டியவன் என்பதால் இதை மட்டும் சற்று உறுதியாகச் சொல்கிறேன். பனிவண்டி இன்ஜின் என்பது குளிர்ந்த காற்றில், ஏற்ற இறக்கமான சுமையில், இடையிடையே ஓய்வோடு ஓடுவதற்காகப் பிறந்தது. அதை ஒரு பெரிய வி8 இன்ஜினின் அனல் வீசும் பெட்டிக்குள், அதன் குலுக்கலோடு சேர்த்து அடைத்து, தொடர்ந்து ஒரே வேகத்தில், விசிறியின் இடைவிடாத சுமையோடு ஓட்டினால், அது எத்தனை மணிநேரம் தாங்கும்? அதன் ஆற்றல் பிரதான இன்ஜினின் ஆற்றலில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் காரின் பிடிப்பில் பாதி அதை நம்பித்தான் இருந்தது. அச்சாணி சிறிது, தேர் பெரிது.

அது வளைவின் நடுவில் நின்றுபோனால் என்னவாகும் என்பதையும் யாரும் இன்னும் எழுதவில்லை. இறக்கை கொண்ட கார் வேகம் குறையக் குறையப் படிப்படியாகப் பிடிப்பை இழக்கும். ஓட்டுநர் அதை உணர்ந்து சமாளிக்க நேரம் உண்டு. இந்தக் காரில் விசிறி நின்றாலோ, ஸ்கர்ட் உடைந்து வெளிக்காற்று உள்ளே புகுந்தாலோ, பாதிப் பிடிப்பு கண்ணிமைக்கும் நேரத்தில் போய்விடும்.


விதிநூல்:

இனி தடையைப் பற்றிப் பேசலாம். “பொறாமையால் தடைசெய்தார்கள்” என்பதும் “ஆபத்து என்பதால் தடைசெய்தார்கள்” என்பதும் பாதி உண்மைகள். தடைக்கான சட்டக் காரணம் “அசையும் காற்றியக்கக் கருவி” என்ற ஒரு சொற்றொடர். அந்தச் சொற்றொடர் விதிப்புத்தகத்துக்குள் வந்த கதையிலும் ஹாலின் கை இருக்கிறது என்பதுதான் வேடிக்கை.

1966இல் அவர் கொண்டுவந்த 2இ காரில், உயரமான இறக்கை காரின் உடலில் பொருத்தப்படாமல், பின்சக்கரங்களின் மையத் தாங்கிகளிலிருந்து நேராக எழும்பி நின்றது. அழுத்தம் உடலுக்கும் ஸ்பிரிங்குகளுக்கும் போகாமல் நேரே டயருக்குப் போனது. அவருடைய கார்களில் ஓட்டுநருக்குக் கிளட்ச் மிதி தேவைப்படாததால், சும்மா இருந்த இடதுகாலுக்கு ஒரு மிதியை வைத்து, நேர்ப்பாதையில் இறக்கையைப் படுக்கவைக்கவும் வளைவில் நிமிர்த்தவும் வழிசெய்தார். அதைப் பார்த்து 1968இல் ஃபார்முலா 1 அணிகள் மெல்லிய கம்பங்களின் மேல் இறக்கைகளை நட்டன. 1969இல் பார்சிலோனாவின் மோன்ட்யூயிக் பாதையில் இரண்டு லோட்டஸ் கார்களின் இறக்கைகள் முறிந்து, கிரஹாம் ஹில்லும் யோஹன் ரிண்ட்டும் மோசமான விபத்துகளில் சிக்கினார்கள். அடுத்த போட்டியான மொனாக்கோவிலேயே உயர் இறக்கைகள் தடைசெய்யப்பட்டன. 1970இல் கேன்-ஆம் கார்களுக்கும் அந்தக் கட்டுப்பாடு வந்தது. இனி இறக்கை என்றால் உடலோடு சேர்த்து அசையாமல் பொருத்தப்பட்ட இறக்கைதான்.

ஹால் அந்த விதிக்கு எழுதிய பதில்தான் 2ஜே. இறக்கை கூடாது என்றால் விசிறி கூடுமல்லவா என்று கேட்டார். தொடரை நடத்திய எஸ்.சி.சி.ஏ. அமைப்பு முதலில் அதை ஏற்றுப் பந்தயத்தில் ஓடவும் விட்டது. பின்னர் மெக்லாரன் உள்ளிட்ட எதிரணிகள் முறையிட, உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் அழுத்தமும் சேர, ஆண்டின் முடிவில் அது விதிக்குப் புறம்பானது என்று முடிவானது. விசிறிகள் பாதையிலுள்ள கற்களையும் புழுதியையும் பின்னால் வருபவர்மேல் வாரி இறைக்கின்றன என்ற புகாரும் கூடவே இருந்தது. “தூசி உறிஞ்சி” என்ற கேலிப்பெயர் சும்மா வரவில்லை.

என் தனிப்பட்ட கருத்தைச் சொல்கிறேன். விசிறியை “அசையும் காற்றியக்கக் கருவி” என்று சொல்வது வலுவற்ற வாதம். காற்றால் குளிரும் போர்ஷே 917இன் இன்ஜின்மேல் ஒரு பெரிய விசிறி படுத்துச் சுழன்றுகொண்டிருந்தது. யாரும் அதைக் கேள்வி கேட்கவில்லை. சுழல்வதும் காற்றைத் தள்ளுவதும் மட்டும் குற்றமென்றால் எந்தக் காரும் தப்பாது. ஆனால் ஸ்கர்ட்டின் கதை வேறு. சஸ்பென்ஷனோடு கட்டப்பட்டு, காரின் உடலைச் சார்ந்து மேலும் கீழும் அசைந்து, காற்றை அடைப்பதற்கென்றே இருந்த உறுப்பு அது. 1969க்குப் பிந்தைய விதியின் சொற்களை அப்படியே எடுத்து வாசித்தால், முதலில் மாட்டுவது விசிறி அல்ல, ஸ்கர்ட்தான். ஹாலின் ஆதரவாளர்கள் விசிறியைப் பற்றியே வாதாடிக்கொண்டிருப்பதால் இதைக் கவனிப்பதில்லை.


ஏழு லிட்டர்:

விதிநூல் அவர்களே, ஸ்கர்ட்டைப் பற்றிய உங்கள் வாதத்தை நான் இதுவரை எங்கும் கேட்டதில்லை, யோசிக்கவேண்டிய ஒன்று. ஆயினும் கேன்-ஆம் தொடரின் இயல்பை நீங்கள் மறந்துவிடக்கூடாது. இன்ஜின் கொள்ளளவுக்கு உச்சவரம்பே இல்லாத, இரண்டு இருக்கைக்கு இடமும் சக்கரங்களுக்கு மூடியும் இருந்தால் ஏறக்குறைய எதையும் கட்டலாம் என்ற பெயரோடு தொடங்கிய தொடர் அது. புதுமையை அழைத்துவிட்டு, அது வாசலுக்கு வந்தவுடன் கதவைச் சாத்தினால் என்ன பொருள்? ஹால் அத்தோடு கேன்-ஆம் தொடரிலிருந்து விலகினார். இரண்டே ஆண்டுகளில் டர்போ பொருத்திய போர்ஷே 917/10 வந்து மெக்லாரனைத் துரத்தியது. 1973இல் 917/30 மற்ற எல்லோரையும் துரத்தியது. 1974இல் அந்தத் தொடரே நின்றுபோனது. ஒருவர் பணத்தால் ஆதிக்கம் செலுத்தலாம், இன்னொருவர் அறிவால் ஆதிக்கம் செலுத்தக்கூடாது என்றா விதி?


வளைவாளன்:

அந்தக் கடைசிக் கேள்வி எனக்குப் பிடித்திருக்கிறது, பதில் என்னிடம் இல்லை. ஆனால் நீங்கள் சொல்லும் ஆதிக்கம் 2ஜேயிடம் தகுதிச் சுற்றில் மட்டுமே இருந்தது என்பதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். 917/30 போட்டிகளை வென்றது. 2ஜே ஒரு சுற்றை வென்றது.


புதுக்கண்:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். பின்னாளில் ஃபார்முலா 1இல் பிரபாம் அணியும் விசிறி வைத்த கார் ஒன்றை ஓட்டியது என்று படித்தேன். அது வென்றதாமே? அதற்கும் தனி இன்ஜின் இருந்ததா?


காற்றழுத்தம்:

ஆம், பிடி46பி. 1978இல் சுவீடனின் ஆண்டர்ஸ்டார்ப்பில் நிக்கி லவுடா அதை ஓட்டி வென்றார். கோர்டன் மர்ரே வடிவமைத்தது. அந்த ஒரே போட்டியோடு அதுவும் களத்திலிருந்து போனது. அந்தக் காருக்குத் தனி இன்ஜின் கிடையாது. விசிறியைப் பிரதான இன்ஜினே கியர்பெட்டி வழியாகச் சுழற்றியது. விசிறியின் வேலை குளிர்விப்பதே என்று அணி சொல்லிக்கொள்ளவும் அது உதவியது, ஏனென்றால் ரேடியேட்டர் அந்த விசிறியின் காற்றுப்பாதையிலேயே இருந்தது.

இங்கே நம் விவாதத்துக்குத் தேவையான ஒப்பீடு ஒன்று கிடைக்கிறது. பிரதான இன்ஜினோடு பிணைத்த விசிறியில் ஒரு குறை உண்டு: இன்ஜினின் சுழற்சி குறைந்தால் உறிஞ்சலும் குறையும், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பிடிப்பும் மாறும். ஹால் தனி இன்ஜின் வைத்தது இதைத் தவிர்க்கத்தான் என்று கொள்வது பொருத்தமாக இருக்கும். எந்த நிலையிலும் ஒரே அளவான உறிஞ்சல் கிடைக்கும். கருத்தளவில் ஹாலின் வழியே தூய்மையானது. நடைமுறையில் மர்ரேயின் வழி போட்டியை முடித்தது. ஏழு லிட்டர் அவர்கள் சொல்லும் இரண்டாம் ஆண்டு 2ஜேக்குக் கிடைத்திருந்தால், உறுதியான வேறொரு துணை இன்ஜினைத் தேடுவதா, பிரதான இன்ஜினோடு பிணைப்பதா என்ற கேள்வியைத்தான் மிட்லண்டில் முதலில் எடுத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். இரண்டில் எதைச் செய்திருந்தாலும் ரிவர்சைடில் நேர்ந்தது மீண்டும் நேர்ந்திருக்காது.

ஆகவே, வளைவாளன் அவர்களே, 1970இல் ஓடிய அந்தக் காரைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. 1971இல் ஓடியிருக்கக்கூடிய காரைப் பற்றி ஏழு லிட்டர் சொல்வதும் சரியாக இருக்கலாம்.


வளைவாளன்:

அந்த அளவுக்கு இறங்கிவருகிறேன். “தடையே வராவிட்டாலும் வென்றிருக்காது” என்று முதல் பதிவில் எழுதியதை “1970இல் வென்றிருக்காது” என்று திருத்திக்கொள்கிறேன். ஆனால் “வெல்ல முடியாத கார்” என்ற வரியை நான் இனி பயன்படுத்தப்போவதில்லை. நீங்களும் பயன்படுத்தவேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.


ஏழு லிட்டர்:

பாதித் திருத்தம் எனக்குப் போதும்.

ஒன்று மட்டும் சேர்க்கிறேன், ஹால் இந்த விஷயத்தை விட்டுவிடவில்லை என்பதற்காக. விசிறி இல்லாமலே காரின் அடியில் அழுத்தத்தைக் குறைக்கலாம் என்பதை லோட்டஸ் அணி 1977, 1978ஆம் ஆண்டுகளில் காட்டியது. பக்கவாட்டுப் பெட்டிகளின் அடிப்புறத்தைத் தலைகீழ் இறக்கையாக வளைத்து, விளிம்பில் தரையைத் தொடும் ஸ்கர்ட்டுகளை வைத்தார்கள். விதிநூல் அவர்கள் சுட்டிக்காட்டிய அதே உறுப்பு அங்கே சில ஆண்டுகள் தடையின்றி ஓடி, 1981இல்தான் ஃபார்முலா 1இல் விலக்கப்பட்டது. அந்த முறையை ஹால் இண்டி கார்களுக்குக் கொண்டுபோனார். ஜான் பார்னார்டு வடிவமைத்த ஷாப்பரல் 2கே, மஞ்சள் நிறக் கார், 1979இல் அறிமுகமானது. இண்டியனாபொலிஸில் முதலாண்டு முன்னிலையில் ஓடிக்கொண்டிருந்தபோதே இயந்திரக் கோளாற்றால் விலகியது. இரண்டாம் ஆண்டான 1980இல் ஜானி ரதர்ஃபோர்ட் ஓட்ட, இண்டியனாபொலிஸ் 500 போட்டியையும் அந்தத் தொடரின் சாம்பியன் பட்டத்தையும் வென்றது.


விதிநூல்:

இரண்டாம் ஆண்டில்! இதை முதலிலேயே சொல்லியிருந்தால் பாதி இழை மிச்சமாகியிருக்கும்.